மணி அடித்தவள் வரவில்லை

விழா மலருக்கு ஆளுக்கொரு பக்கம் பள்ளிக்கூட நினைவு எழுதித் தரச் சொன்னீர்கள். "நம்ம தமிழ் ஸ்கூல் தங்கம்பா, இப்ப இருக்கிறதெல்லாம் தகர டப்பா" என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட, அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பினீர்கள். இடிந்த சுவரைப் படம் பிடித்துப் போட்டு அழுத முகம் வைத்தீர்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நாலாம் நாள், பழைய சாரைத் திருப்பதியிலிருந்து காரில் கூட்டிவந்து மேடையில் உட்காரவைத்து, பழைய மாதிரியே அட்டெண்டன்ஸ் எடுக்கச் சொல்வோம், எல்லாரும் எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்வோம் என்று முடிவு செய்தீர்கள் பாருங்கள், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. பிடிக்கவில்லை என்றால் மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள், நல்லதாகப் பாதியைப் பொறுக்கிப் போடாதீர்கள்.

நம் பிள்ளைகள் இந்த மலரைப் படிப்பார்கள் என்றால் அவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்லவேண்டும். ஆந்திராவில் நகரியிலிருந்து உள்ளே போகும் நம் சின்ன ஊரில் ஒரே மைதானத்தில் இரண்டு அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் எதிரும் புதிருமாக இருந்தன. கிழக்கே தெலுங்கு, மேற்கே தமிழ். கிழக்குப் பள்ளியில் ஏழாவது வரைக்கும் உண்டு, மூன்று அறை, மூன்று வாத்தியார், பெஞ்சு. மேற்குப் பள்ளிக்கு ஒரே நீள அறை, ஓட்டுக் கூரை, ஒரே சார். ஐந்து வகுப்புக்கும் அவர்தான். நாலு வகுப்பு நாலு சுவரைப் பார்த்து உட்காரும், ஐந்தாம் வகுப்பு நடுவில் அவர் நாற்காலிக்குக் கீழே உட்காரும். அவர்களுக்குப் பள்ளி திறந்த வாரமே புத்தகம் வந்துவிடும். நமக்குத் தமிழில் அச்சடித்து வருவதற்குள் தசரா லீவு முடிந்துவிடும். அதுவரை போன வருஷத்துப் பிள்ளைகளின் புத்தகம்தான். என் கணக்குப் புத்தகத்துக்கு முதல் எட்டுப் பக்கம் கிடையாது. எட்டுப் பக்கத்துக் கணக்கையும் சார் வாயால் சொன்னார், அதை மறுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கத் தெரிந்த மனுஷர்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அவர்களிடம் இல்லாத ஒரே ஒரு பொருள் நம்மிடம் இருந்தது. அது மணி. ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை பார்த்த யாரோ கொண்டுவந்து கொடுத்த தண்டவாளத் துண்டு, நம் பள்ளி வாசல் புங்கமரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கியது. இரண்டு பள்ளிக்கும் அந்த ஒரே மணிதான். நாலாம் வகுப்பிலிருந்து அதை அடித்தது நான். மைதானத்துக்கு எதிர் வீடு எங்களுடையது, வீட்டில் சுவர்க் கடிகாரம் இருந்தது, அதனால் சார் என்னிடம் கொடுத்தார். லாரியிலிருந்து கழன்ற ஒரு பெரிய போல்ட்டுதான் சுத்தியல். பத்து அடி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு. முதல் அடிக்குப் போரிங்கில் தண்ணீர் அடிக்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பத்தாவது அடிக்குள் தெலுங்குப் பையன்கள் எல்லாம் ஓடிவந்து விடுவார்கள். கையில் ஏறின இரும்பு வாடை மத்தியானம் சோறு தின்னும்போதும் போகாது. எனக்கு அந்த வாடை பிடிக்கும்.

அந்தத் தெலுங்குப் பையன்கள் யார்? நம் அண்ணன் தம்பிகள்தான். இதை மட்டும் ஏன் ஒருவரும் குழுவில் போடுவதில்லை? நம் ஊரில் தமிழ் வீடுகளுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. பையனைக் கிழக்கே அனுப்பவேண்டும், பெண்ணை மேற்கே அனுப்பவேண்டும். எங்கள் நைனா, அதாவது அப்பா, அதை யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்வார்.

"பையன் நாளைக்கு இங்கதான் ஆபீசு, பேங்க்குன்னு அலையணும், அவனுக்குத் தெலுங்கு ஓணும். பொண்ணு எப்டியும் திருத்தணி, பள்ளிப்பட்டுன்னு அந்தாண்டதான் வாக்கப்பட்டுப் போவப்போவுது. பஸ்ஸு போர்டு படிக்கத் தெரிஞ்சா போறும்."

நைனாதான் தமிழ்ப் பள்ளிக் கமிட்டியின் தலைவர். ஆகஸ்டு பதினைந்து கொடியேற்றும்போது தாய்மொழியைப் பற்றிப் பேசி, பேச்சின் நடுவில் நின்றுவிடுவார். துண்டால் கண்ணைத் துடைப்பார். கமிட்டியில் இருந்த மற்ற ஐந்து பேரும் தலையை ஆட்டுவார்கள். அந்த ஆறு வீட்டுப் பையன்களும் எதிரே கிழக்குப் பக்கத்து வரிசையில் தெலுங்குக் கொடிப் பாட்டுக்குக் காத்துக்கொண்டு நிற்பார்கள். என் அண்ணன் அதில் உயரமானவன், கடைசியில் நிற்பான். மொழியைக் காப்பாற்றுகிற வேலையைப் பாவாடைகளிடம் விட்டுவிட்டு வேட்டிகள் கண்ணீர் விட்டன. அன்றைக்கு எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. அண்ணனுக்குப் பெஞ்சு, எனக்குத் தரை, அப்படித்தான் உலகம் என்று இருந்தேன்.

நான் ஐந்தாவது படித்த வருஷம்தான் ஊர் கலைய ஆரம்பித்தது. அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி என்று புதிது புதிதாகக் கம்பெனி திறந்தார்கள். புருஷன் பெண்டாட்டியாகக் கிளம்பிப் போனார்கள், பாத்திர மூட்டையோடு பிள்ளைகளும் போனார்கள். கொஞ்சம் வசதி இருந்தவர்களின் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள நகரியிலிருந்து மஞ்சள் வேன் வந்தது. இங்கிலீஷ் மீடியம். காலில் செருப்பில்லாத பிள்ளை கழுத்தில் டை கட்டிக்கொண்டு வேன் ஏறும். தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புச் சுவரைப் பார்த்து உட்கார இரண்டே பேர் மிஞ்சினார்கள்.

சங்கராந்தி முடிந்த வாரம் எங்கள் வீட்டு வாசலில் கமிட்டி கூடியது. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இருவது தலை இருந்தாத்தான் ஸ்கூலுன்னு மண்டல ஆபீசுல சொல்லிட்டாங்க. இப்ப இருபத்திரண்டு கீது. அஞ்சாவதுல அஞ்சு பொண்ணுங்க. ஏப்ரல்ல அதுங்க போய்ட்டா பதினேழு. மூடிடுவாங்க. என்னத் தூக்கி எங்கியோ தூரத்துல சாந்திபுரம் பக்கம் போட்டுடுவாங்க."

"அஞ்சுல ரெண்டு எப்டியும் அம்பத்தூர் போவுது. மீதி மூணையும் இன்னொரு வருஷம் ஒக்கார வெச்சா?" என்றார் கமிட்டியில் ஒருவர்.

"ஃபெயில் போட முடியாதுங்க. எல்லாரையும் மேல தள்ளச் சொல்லித்தான் ரூலு. அட்டெண்டன்ஸ் இல்லன்னாதான் நிறுத்தலாம்."

நைனா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"பொட்டப் பிள்ளைங்கதானே சார். ஒரு வருஷம் முன்னபின்ன ஆனா இன்னா ஆயிடும்? பாஷை நிக்குதுல்ல."

நான் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன். அந்த மூன்று பேரில் நான் ஒருத்தி என்று எனக்கு உறைக்கவில்லை. நான்தான் ஒரு நாள் தவறாமல் போகிறவள் ஆயிற்றே.

அடுத்த வாரம் சார் புது ரிஜிஸ்டர் வாங்கிவந்தார். பழையதைக் கரையான் அரித்துவிட்டதாம், முதலிலிருந்து எழுதவேண்டுமாம். கோடு கோணாமல் போடுகிறவள் என்று என்னைக் கூப்பிட்டு ஸ்கேலையும் பென்சிலையும் கொடுத்தார். இரண்டு மத்தியானம் குனிந்து உட்கார்ந்து, ஜூனிலிருந்து ஏப்ரல் வரைக்கும் கட்டம் போட்டுக் கொடுத்தேன். "சபாஷ்" என்றார். அதற்கு எனக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கிடைத்தது. வாங்கித் தின்றேன்.

இந்த நேரத்தில்தான் கிழக்கிலிருந்து தெலுங்கு டீச்சரம்மா மைதானத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற சின்ன வயசு டீச்சர். அண்ணனின் வீட்டுப்பாட நோட்டைக் கையில் வைத்திருந்தார். அதில் பாதி என் கையெழுத்து. அண்ணன் கில்லி ஆடப் போகும்போது என்னிடம் தள்ளிவிட்டுப் போவான், நான் எழுதி எழுதியே தெலுங்கு படித்திருந்தேன். அடி விழப்போகிறது என்று நான் மாட்டுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"இந்தப் பிள்ளை நிஜங்கா தமிழ் மீடியமா?" என்று அம்மாவிடம் கேட்டார் டீச்சரம்மா. அவருடைய தமிழ் அப்படித்தான் இருக்கும். "சூடண்டி, சித்தூர் பக்கம் கவர்மெண்டு ஹாஸ்டல் ஸ்கூல் இருக்கு. சாப்பாடு, துணி, புஸ்தகம் அன்னி அவங்களே. ஆறாவதுல சேரப் பரீட்ச வெப்பாங்க. இவள எழுதச் சொல்லுங்க."

நைனா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். தேறமாட்டாள் என்று நினைத்திருப்பார். "எழுதிட்டு வரட்டும், திருப்பதியப் பாத்தாப்ல இருக்கும்" என்றார்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில். அம்மாவும் நானும் முதல் பஸ்ஸில் போனோம். மொட்டையடித்த ஜனங்களுக்கு நடுவில் வழி கேட்டுக் கேட்டு ஒரு பெரிய பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தோம். அம்மாவை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே எனக்கென்று நம்பர் ஒட்டிய ஒரு பெஞ்சு. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் தரையில் எட்டவில்லை, அதுவே சந்தோஷமாக இருந்தது. கேள்வித்தாள் முழுக்கத் தெலுங்கு. அண்ணனுக்கு மனதுக்குள் கும்பிடு போட்டுவிட்டு எழுதினேன். வெளியே வந்தபோது அம்மா அதே இடத்தில், அதே மாதிரி, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னா பொண்ணே, வருமா?"

"வரும்மா."

"நெஜமா?"

"கணக்கு அல்லாம் கரெக்டும்மா."

அம்மா நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் என்னைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய், மூடியில் ரோஜாப்பூ வரைந்த தகரப் பெட்டி ஒன்று வாங்கினாள். ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைகள் அதில்தான் துணி வைப்பார்களாம். கடிதம் வரட்டும் என்றுகூட அவள் காத்திருக்கவில்லை. ஊர் வரும்வரை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

மே மாதம் பழுப்பு உறையில் கடிதம் வந்தது. சீட்டு கிடைத்துவிட்டது. ஐந்தாவது தேறியதற்கான டி.சி.யோடு ஜூனில் வந்து சேரவேண்டும். நான் ஒரே ஓட்டமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். சார் லீவு நாளில் ஏதோ எழுத வந்து உட்கார்ந்திருந்தார். கடிதத்தைப் படித்தார், மடித்தார், என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"உனக்கு அட்டெண்டன்ஸ் இல்லியே பாப்பா. அஞ்சாவது திரும்பப் படிக்கணும்."

நான் சிரித்தேன். சார் விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். நான் போட்ட கட்டங்கள்தான், ஒன்றுகூடக் கோணவில்லை. என் பெயருக்கு நேரே கட்டத்துக்குக் கட்டம் சிவப்பு மையில் 'A', வரவில்லை என்று. அதற்கு மேல் இருந்த இரண்டு பெண்களுக்கும் அப்படியே. அங்கங்கே வந்ததற்கு அடையாளமாக நாலைந்து புள்ளி இருந்தது, பார்க்க நம்பும்படி இருக்கவேண்டும் இல்லையா.

காலையில் பெயர் கூப்பிடும்போது அவர் பென்சிலால்தான் புள்ளி வைப்பார், சாயங்காலம் பேனாவால் ஏற்றுவார், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் முழுக்கத் தினம் காலையில் நான் பத்து அடி மணி அடித்துவிட்டு, ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்து, தொண்டை கிழிய "உள்ளேன் ஐயா" என்று கத்தினேன். அவரும் தலையை ஆட்டினார். பழைய ரிஜிஸ்டரை மறைத்து, புதியதில் பென்சில் புள்ளியை அழித்து, எல்லாக் காலைக்கும் மேலே சிவப்பில் எழுதியிருந்தார்.

"மணி அடிச்சது நான்தானே சார்?" என்று கேட்டேன்.

"போம்மா, நைனாவக் கேளு" என்றார்.

நைனாவை நான் கேட்பதற்கு முன்னால் டீச்சரம்மா வந்து கேட்டுவிட்டார். அவருக்கும் கடிதத்தின் நகல் வந்திருந்தது. வாசலில் நின்றபடியே பேசினார், உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க சார்கிட்ட. மீரு கமிட்டி பிரசிடெண்டு, நீங்க சொன்னா கேப்பாரு."

"இவ போய்ட்டா ஸ்கூலு மூடிடும் டீச்சர். நம்ம பாஷை போய்டும்."

"உங்க பையன் எந்த ஸ்கூல்ல படிக்கிறான்?"

நைனாவின் முகம் கறுத்துப்போனது. "இது எங்க ஊரு விஷயம். பிள்ள புடிக்கிறதுக்கு எங்க ஊட்டு வரைக்கும் வந்துகினு, நீங்க எனக்குச் சொல்லத் தேவையில்ல" என்றார். அண்ணன் கதவோரம் நின்றவன், "அவ போவட்டும் நைனா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அடுத்த நொடி அவன் கன்னத்தில் அறை விழுந்தது. அண்ணனைப் பற்றி நான் எங்கேயும் தப்பாகப் பேசமாட்டேன், காரணம் அந்த ஒரு வார்த்தைதான். அம்மா தகரப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். அந்த மழைக்காலத்தில் மாட்டுக்குத் தவிடு போட அதை வெளியே எடுத்தாள். ரோஜாப்பூ உரிந்துபோகும்வரை அதில் தவிடுதான் இருந்தது.

ஜூனில் ஐந்தாம் வகுப்பு திரும்பவும் ஆரம்பமானது. அதே எட்டுப் பக்கம் இல்லாத புத்தகம். மணி அடிக்கிற போல்ட்டை சார் மறுபடியும் என் கையில் கொடுத்தார். நான் அடித்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள், பத்து வயசு.

ஜூலையில் மண்டல அதிகாரி வந்தார். இரண்டு பள்ளியையும் ஒப்பிட்டுப் பார்த்து எதை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்ய வருகிறார் என்று ஊரே பேசியது. முந்தின நாள் சாயங்காலம் சார் எங்கள் மூன்று பேரையும் நிறுத்தி, "நாளைக்கு நீங்க மூணு பேரும் வராதீங்க, ஊட்லயே இருங்க" என்றார். ரிஜிஸ்டரில் வராதவர்கள் நேரில் உட்கார்ந்திருந்தால் அதிகாரி கேள்வி கேட்பார் இல்லையா.

ஆக, இரண்டு வருஷத்தில் நான் நிஜமாகவே போகாத நாள் அது ஒன்றுதான். வீட்டில் சாணி தட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மணி சத்தம் கேட்டது. இரண்டாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்திருப்பார்கள் போல, கடகடவென்று மூச்சில்லாமல் அடித்தாள். எத்தனை அடி என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அந்தத் தப்பான சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாணிக் கையோடு எழுந்து ஓடினேன்.

புங்கமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் கிழக்குப் பள்ளியின் போன வருஷத்து ரிஜிஸ்டரும் மேற்குப் பள்ளியின் போன வருஷத்து ரிஜிஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்து கிடந்தன. ஒரு விரல் அதிலும் ஒரு விரல் இதிலுமாக இறங்கிக்கொண்டே வந்தார். ஒரு பக்கம் முழுக்க நீலப் புள்ளி. இந்தப் பக்கம் சிவப்பு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இந்த மூணு பேர் யாரு?" என்று தெலுங்கில் கேட்டார்.

"வர்றதில்லைங்க சார்" என்றார் நம் சார்.

"உள்ளேன் ஐயா!"

நான்தான் கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சாணிக் கை, கிழிந்த பாவாடை, மூச்சு வாங்குகிறது. சாருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அதிகாரி, "இது யார் பிள்ளை?" என்று கேட்டார். கமிட்டித் தலைவர் என்ற முறையில் நைனா மேசைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னார். என் பொண்ணுதான் சார், கொஞ்சம் புத்தி சரியில்லை, பள்ளிக்கூடத்துக்கு வராது.

எனக்குத் தெலுங்கு தெரியும் என்பதை அவர் மறந்தே போய்விட்டார்.

அதிகாரி "பாபம்" என்றார். இரக்கப்பட்டார். நம் சாரிடம், ஐந்தாவதில் பிள்ளைகளே வருவதில்லை, ஜனங்களுக்கே இந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் ஆசை இல்லை, எதிரே இவ்வளவு நன்றாக நடக்கும்போது இது எதற்கு என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பெயர்ப் பட்டியலில் இருபது தலை இருக்கிறது சார், எண்ணிப் பாருங்கள் சார் என்று நம் சார் கெஞ்சினார். தலையை அவர் எண்ணவில்லை. சிவப்பைத்தான் எண்ணினார். பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுவதற்காக எங்கள் பெயருக்கு நேரே எழுதிய பொய்யே அதை மூடிவிட்டது. இதை நினைத்துப் பல வருஷம் சிரிக்க முயற்சி செய்திருக்கிறேன், ஒரு தடவையும் சிரிப்பு வந்ததில்லை.

தசராவுக்குள் போர்டைக் கழற்றினார்கள். தண்டவாளத் துண்டு கிழக்கே போனது, அதை அடிக்க அங்கே பியூன் இருந்தார். எங்களையும் கிழக்கே சேர்த்தார்கள். தெலுங்கு தெரியாத பிள்ளைகள் என்று மொத்தமாக மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். பெஞ்சு நிறைந்துவிட்டதால் அங்கேயும் தரைதான். என்னைத் தெரிந்த டீச்சரம்மாவை ஜூனிலேயே பலமனேர் பக்கம் மாற்றிவிட்டார்கள், எனக்காகச் சொல்ல ஆளில்லை. என் இடுப்பு உயரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதினேன். சங்கராந்திக்குப் பிறகு போகவில்லை. நகரியில் தறிக்கொட்டகையில் நூல் தார் சுற்றப் போனேன். நூல் கட்டு சுற்றிவருகிற பழைய செய்தித்தாளைப் பிரித்துப் படித்துப் படித்துத்தான் இந்தத் தமிழ் எனக்கு வந்தது. சார் கொடுத்ததில்லை, கமிட்டி காப்பாற்றிக் கொடுத்ததும் இல்லை.

நம் சார் சாந்திபுரம் போனார் என்றுதானே நினைக்கிறீர்கள். போகவில்லை. யாரையோ பிடித்து அந்த வருஷமே திருப்பதிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அவருடைய பிள்ளைகள் ஏற்கெனவே அங்கேதான் இங்கிலீஷ் கான்வென்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். தாய்மொழி என்று கண்ணைத் துடைத்த ஆறு பேரில் ஒருவர் பேரனாவது இன்றைக்குத் தமிழ் எழுதுவானா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நைனாவிடம் அவர் படுக்கையில் விழுந்தபிறகு ஒரு முறை கேட்டேன். "அன்னிக்கு எங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதாம்மா" என்றார். கடைசிவரை அவரைக் கழுவித் துடைத்தது நான்தான். ஆனால் மன்னித்தேனா என்று கேட்டால், இல்லை.

நாலு வருஷத்துக்கு முன் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சாரைப் பார்த்தேன். நான் ஸ்ரீ சிட்டியில் கம்பெனி கேன்டீன் வேலையிலிருந்து லீவில் வந்திருந்தேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார்.

"நீ நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே" என்றார். "ஏம்மா படிப்ப விட்டுட்ட?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டார். என் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அது என்னோடு போயிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். என்னோடு நிறுத்தப்பட்ட மற்ற இருவரில் ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்னொருத்தி நம் குழுவில் இருக்கிறாள், தினம் காலையில் பூப்படம் போடுகிறவள். போன வாரம் அவள் என்ன எழுதினாள் என்று படித்தீர்களா? "நான் மக்கு, அஞ்சாவதே ஃபெயிலு" என்று எழுதிச் சிரிக்கிற பொம்மை போட்டாள். நீங்களும் சிரித்தீர்கள். அடியே, நீ மக்கு இல்லை. பெருக்கல் வாய்ப்பாட்டில் என்னைத் தோற்கடித்தவள் நீ ஒருத்திதான். நீ ஃபெயில் ஆகவில்லை, உன்னைத் தலை எண்ணிக்கைக்காகப் பிடித்து வைத்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இதை உனக்குச் சொல்லாமல் இருந்தது என் தப்பு. என்னைப்போல உனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

விழாவுக்கு வருவேன். சாருக்குச் சால்வை போர்த்துங்கள், மாலை போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் பெயர் கூப்பிடட்டும். என் பெயர் வரும்போது எழுந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்வேன், பழைய குரலிலேயே. சொல்லிவிட்டு உட்காரமாட்டேன். பூப்படம் போடுகிற இவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடை ஏறி, அவர் மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். பேனாவை நான் கொண்டுவருகிறேன். எங்கள் இரண்டு பெயருக்கு நேரேயும், செத்துப்போனவள் பெயருக்கு நேரேயும் அவர் மையில் புள்ளி வைக்கும்வரை அங்கிருந்து நகரமாட்டோம்.